முள்வேலி பாதையான நகரம்

லியுப்லியானா நகர அருங்காட்சியகத்தில் ஒரு மரச்சக்கரம் பாதுகாக்கப்பட்டு வருகிறது. 2002-ஆம் ஆண்டில் அந்நகருக்குத் தெற்கே பரந்து கிடக்கும் சதுப்பு நிலத்தில், பழங்காலத்து மரக்கால் குடியிருப்பு ஒன்றை அகழ்ந்தபோது அது வெளிப்பட்டது. வட்டு ஆஷ் மரத்தால் ஆனது. அச்சு ஓக் மரத்தால் ஆனது. அச்சும் சக்கரமும் ஒன்றாய்ச் சேர்ந்து சுழலும்படி அமைந்த இந்த வண்டியுறுப்பு ஏறத்தாழ 5200 ஆண்டுப் பழமையுடையது என்றும், அச்சோடு கிடைத்த மரச்சக்கரங்களுள் உலகிலேயே மிகப் பழையவற்றில் வைத்து எண்ணத் தக்கது என்றும் அறிஞர் மதிப்பிட்டிருக்கின்றனர். சதுப்பின் சேறு காற்றுப் புகாமல் காத்ததனால்தான் மரம் மக்கிப் போகாமல் நமக்குக் கிடைத்தது.

சக்கரத்தின் தொட்டில்களுள் ஒன்று என்று பெருமை பேச உரிமையுள்ள அந்த ஊர், இந்த நூற்றாண்டில் வேறொரு காரியத்தால் பெயர் பெற்றது. தன் நகர நடுவிலிருந்து மோட்டார் வண்டிகளை வெளியேற்றிவிட்டு, வீதிகளை நடப்பவர்க்குத் திருப்பிக் கொடுத்தது. 2016-ஆம் ஆண்டுக்குரிய ஐரோப்பியப் பசுமைத் தலைநகர் என்னும் விருது அதற்குக் கிடைத்தது. விருதைப் பற்றிய செய்தியைப் படிப்பவர், யாரோ ஒரு மேயர் ஒரு நாள் காலையில் ஆணை பிறப்பித்தார், வண்டிகள் மறைந்தன என்று எண்ணக்கூடும். அவ்வாறு நடக்கவில்லை. அந்த ஆணைக்குப் பின்னால் ஒரு நிலநடுக்கமும், ஒரு சிற்பியனைய கட்டடக் கலைஞனின் முப்பத்தைந்தாண்டு உழைப்பும், ஒரு முள்வேலியும் இருக்கின்றன. அவற்றைப் பற்றியே இங்குச் சொல்ல விரும்புகிறோம்.

லியுப்லியானா ஸ்லோவேனியாவின் தலைநகர். ஸ்லோவேனியா 1991-இல் தனிநாடாயிற்று. அதற்கு முன் யூகோஸ்லாவியாவின் ஓர் உறுப்பாக இருந்தது. 1961-ஆம் ஆண்டில் பெல்கிரேடில் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாட்டையும், நேருவும் டிட்டோவும் அருகருகே நின்ற படங்களையும் நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் நினைவில் வைத்திருப்பர். அந்த யூகோஸ்லாவியாவின் வடமேற்கு மூலையில், ஆல்ப்ஸ் மலைக்கும் ஆட்ரியாட்டிக் கடலுக்கும் இடையில் இந்த ஊர் இருக்கிறது. மக்கள்தொகை மூன்று லட்சத்தை எட்டவில்லை. நம் நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரே இதைவிடப் பெரிதாயிருக்கும். ஆயினும் தலைநகர் தலைநகர்தானே: நாடாளுமன்றம், அமைச்சகங்கள், பல்கலைக்கழகம், தூதரகங்கள் ஆகிய யாவும் அந்தச் சிறிய இடத்துக்குள் அடங்கவேண்டும். அவற்றுக்கு வருவோரும் போவோரும் அதே தெருக்களில்தான் செல்லவேண்டும்.

போவோர், வருவோர் என்றதும் ஒரு சிறு விஷயம் நினைவுக்கு வருகிறது. அரசாங்கக் கோப்புகளைத் தமிழாக்கும் தொழிலில் இருக்கும் நாம் ‘போக்குவரத்து’ என்னும் சொல்லை நாள்தோறும் எழுதுகிறோம். போக்கும் வரத்தும் என்பதே அதன் பொருள். அந்தச் சொல்லில் சக்கரம் இல்லை, எண்ணெய் இல்லை. தலையில் கூடையோடு சந்தைக்குச் செல்லும் பெண்ணும் அதில் அடங்குவாள். ஆனால் கோப்பில் அந்தச் சொல் வரும் இடங்களில் எல்லாம் வண்டியையே குறிக்கிறது. நடப்பவர் ‘இடையூறு’ என்னும் தலைப்பின் கீழ் வருகிறார். சொல்லின் பழைய பொருளை லியுப்லியானா எவ்வாறு மீட்டுக்கொண்டது என்று பார்ப்பது அதனால் நமக்குத் தனிச் சுவையாயிருக்கிறது.

1895-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் ஈஸ்டர் ஞாயிறு. அன்று இரவு பதினொரு மணிக்குமேல் ஊர் உறங்கும் வேளையில் பூமி அதிர்ந்தது. அப்போது அது ஆஸ்திரியப் பேரரசின் ஒரு மாகாணப் பட்டணம்; ஜெர்மானியர் வழங்கிய பெயரால் லைபாக் என்று உலகுக்குத் தெரிந்திருந்தது. உயிர்ச்சேதம் பெரிதில்லை. ஆனால் கட்டடங்களுள் பத்தில் ஒரு பங்கு இடிந்தோ, இடிக்கவேண்டிய நிலையை எய்தியோ போயிற்று. மக்கள் கூடாரங்களிலும் பலகைக் கொட்டகைகளிலும் வாரக்கணக்கில் குடியிருந்தனர்.

இடிந்த ஊரை எப்படிக் கட்டுவது என்ற கேள்விக்கு வியன்னாவிலிருந்து விடை வந்தது. மாக்ஸ் ஃபபியானி என்னும் இளம் ஸ்லோவேனியக் கட்டடக் கலைஞர் ஒரு நகரத் திட்டம் வரைந்தளித்தார். வளைந்து செல்லும் சுற்றுவீதி, ஒழுங்கான சதுக்கங்கள், பழைய ஊரையும் புதிய ஊரையும் இணைக்கும் தெருக்கள் அதில் இருந்தன. 1896 முதல் 1910 வரை மேயராயிருந்த இவான் ஹ்ரிபார் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஊரைக் கட்டினார். மின்விளக்கு 1898-இல் வந்தது. டிராம் வண்டி 1901-இல் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில் லியுப்லியானிட்சா ஆற்றின் குறுக்கே டிராகன் பாலம் திறக்கப்பட்டது. நான்கு மூலையிலும் இறகு விரித்த டிராகன்கள் காவல் இருக்கும் அந்தப் பாலம், இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட்டினால் ஐரோப்பாவில் கட்டப்பட்ட முற்காலத்துப் பாலங்களுள் ஒன்றாகும்.

ஹ்ரிபாரின் முடிவையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1941 ஏப்ரலில் முசோலினியின் இத்தாலியப் படை ஊருக்குள் புகுந்தது. எண்பத்தொன்பது வயதான அந்தக் கிழவர் யூகோஸ்லாவியக் கொடியை உடலில் சுற்றிக்கொண்டு, தாம் கரைகட்டி வளர்த்த நகரின் ஆற்றில் குதித்து உயிர் நீத்தார். அந்த ஆற்றங்கரைப் பகுதி ஒன்று இன்று அவர் பெயரால் வழங்குகிறது. அது இப்போது நடப்பவருக்கே உரிய கரை.

நிலநடுக்கம் தெருக்களை அகலமாக்கியது என்றால், அத்தெருக்களை நடக்கத் தூண்டுபவையாகச் செய்தவர் யோஷெ பிளெச்னிக். 1872-இல் இவ்வூரிலேயே பிறந்து, வியன்னாவில் ஓட்டோ வாக்னரிடம் பயின்று, பிராகா நகரின் கோட்டையைச் செக்கோஸ்லோவாக்கியக் குடியரசின் முதல் ஜனாதிபதி மசாரிக்குக்காகச் சீரமைத்துப் புகழ் பெற்றவர். 1921-இல் சொந்த ஊர் திரும்பி, புதிதாகத் தோன்றியிருந்த பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக அமர்ந்தார். அது முதல் 1957-இல் கண் மூடும் வரை ஊரின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதேனும் ஒன்றைச் செய்துகொண்டே இருந்தார்.

அவர் செய்த முறையை ஒரு பாலத்தைக்கொண்டே விளங்கிக்கொள்ளலாம். நகரின் நடுவில், கவிஞர் பிரெஷேரன் சிலை நிற்கும் சதுக்கத்திலிருந்து பழைய ஊருக்குச் செல்ல 1842-இல் கட்டிய கற்பாலம் ஒன்று இருந்தது. வண்டிகள் பெருகவே அது போதாமற்போயிற்று. வேறொருவராயிருந்தால் பழைய பாலத்தை இடித்து அகலமாகக் கட்டியிருப்பார். பிளெச்னிக் அதைத் தொடவில்லை. அதன் இரு பக்கத்திலும் சற்றே சாய்வாக விரிந்து செல்லும் இரண்டு நடைப்பாலங்களைச் சேர்த்தார். 1929-க்கும் 1932-க்கும் இடையில் இது நடந்தது. ஒரு பாலம் மூன்றாயிற்று. மும்மைப் பாலம் என்றே பெயர் பெற்றது. வண்டிக்கு நடுப்பாலம் ஒன்று, மனிதருக்குப் பக்கப்பாலம் இரண்டு! வண்டிக்கு விட்ட பங்கைவிட நடப்பவருக்கு விட்ட பங்கே எண்ணிக்கையில் மிகுதி. அந்தப் பக்கப்பாலங்களிலிருந்து ஆற்றின் அருகே இறங்கப் படிகளும் உண்டு. விரைந்து கடப்பதற்கு மட்டும் கட்டியிருந்தால் படிகளுக்கு அங்கே வேலையில்லை.

ஆற்றங்கரை நெடுகிலும் இதே மனப்பான்மையைக் காணலாம். வெள்ளத் தடுப்புக்காகக் கட்டிய கரைச்சுவர்களை அவர் படித்துறைகளாக மாற்றினார். த்ர்னோவோ என்னும் பகுதியில் ஒரு சிற்றாற்றின் மேல் அவர் அமைத்த பாலத்தில் பிர்ச் மரங்கள் வளர்கின்றன. பாலத்தின் மேலேயே மரம்! காவிரிக்கரையிலோ வைகைக்கரையிலோ பிறந்தவருக்குப் படித்துறை என்பது புதுமையன்று. ஆனால் மாட்டுவண்டிக்கும் மோட்டாருக்கும் மட்டும் கரை என்று எண்ணத் தொடங்கியிருந்த ஐரோப்பாவில், ஆற்றோரம் உட்கார ஒரு படி வேண்டும் என்று பொதுப்பணத்தைச் செலவிடச் செய்வது எளிதாயிருந்திராது. வசதி குன்றிய நகரசபைதான் அவருக்கு எசமானன். ஆதலால் சலவைக்கல்லுக்குப் பதில் கான்கிரீட், பழைய கட்டடத்துத் தூண்கள், கையில் அகப்பட்ட கல் ஆகியவற்றைக்கொண்டே வேலை செய்தார். 2021-இல் யுனெஸ்கோ நிறுவனம் அவருடைய லியுப்லியானாப் படைப்புகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, மனிதரை நடுவாகக்கொண்ட நகரமைப்பு என்றே அவற்றுக்கு அடைமொழி கொடுத்தது.

இனி முள்வேலியின் கதை.

1941 ஏப்ரல் இறுதியில், ஆக்கிரமிப்பை எதிர்க்கும் விடுதலை முன்னணி இந்நகரத்திலேயே தோன்றியது. ஊருக்குள்ளிருந்து ஆட்களும் மருந்தும் செய்தியும் காட்டிலிருந்த போராளிகளுக்குச் சென்றவண்ணம் இருந்தன. வானொலிக்காக எழுதும் நாம் இன்னொன்றையும் குறிப்பிடாமல் விடுவது முறையன்று. அந்த ஆண்டு நவம்பரில் விடுதலை முன்னணி ஒரு மறைவு வானொலியைத் தொடங்கியது. அதன் பெயர் ‘கிரிச்சாச்’. கூவுபவன் என்று பொருள். வீட்டுக்கு வீடு இடம் மாற்றி, சில நிமிடங்களே பேசி ஓயும் அந்தச் சின்னஞ்சிறு ஒலிபரப்புக் கருவியைப் பகைவரால் கைப்பற்ற முடியவில்லை. பேசுபவனைப் பிடிக்க முடியாதபோது கேட்பவனின் காதை அடைக்க முற்பட்டனர். வானொலிப் பெட்டிகளைப் பறிமுதல் செய்தனர். 1942 ஏப்ரல் வரையில் கூவுபவன் கூவிக்கொண்டிருந்தான்.

அதற்குள்ளாகவே ஊரை அடைக்கும் வேலையும் நடந்துவிட்டது. 1942 பிப்ரவரி 23-ஆம் நாள் விடிந்தபோது நகரைச் சுற்றி முள்கம்பி வேலி எழுந்திருந்தது. அதன் நீளம் முப்பது கிலோமீட்டருக்கு மேல். இடையிடையே காவல் அரண்கள், இரவில் தேடுவிளக்குகள், குறித்த சில வாயில்களில் மட்டும் அனுமதிச்சீட்டோடு செல்ல வழி. வேலிக்கு வெளியே வயல் வைத்திருந்தவன் தன் வயலுக்குப் போக முடியவில்லை. வெளியே உறவினர் இறந்தால் உள்ளிருப்பவர் போய்ப் பார்க்க முடியவில்லை. வேலியை மூடிவிட்டு வீடு வீடாகச் சோதனையிட்டு, ஆயிரக்கணக்கானவரைப் பிடித்து கொனார்ஸ், ராப் முதலிய முகாம்களுக்கு அனுப்பினர். 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தது. ஜெர்மானியர் வந்து அதே வேலியை வைத்துக்கொண்டனர். 1945 மே 9-ஆம் நாள் நகரம் விடுதலை பெறும் வரை, 1170 நாட்கள் லியுப்லியானா வேலிக்குள் கிடந்தது.

போக்கும் வரத்தும் இல்லாத நகரம் எப்படியிருக்கும் என்பதை அம்மக்கள் இவ்வாறு பட்டறிந்தனர். கிட்டத்தட்ட மூன்றேகால் ஆண்டு, ஊரின் எல்லையை நோக்கி நடப்பதே குற்றமாயிருந்தது.

போர் முடிந்தபின் வேலி பிடுங்கப்பட்டது. அது சென்ற தடம் மட்டும் மறக்கப்படவில்லை. அரண்கள் நின்ற இடங்களில் 102 எண்கோண நினைவுக்கற்கள் நடப்பட்டன. 1957 முதல் ஆண்டுதோறும் மே மாதத்தில் மக்கள் கூட்டமாக அந்தத் தடத்தில் நடக்கும் வழக்கம் ஏற்பட்டது. 1974-இல் அந்தத் தடத்தையே ஒரு நிலையான பாதையாக்கும் வேலை தொடங்கியது. அரசாங்கக் குத்தகைக்காரர் மட்டும் செய்த வேலையன்று அது. இளைஞர் தொண்டர் படைகளும் ஊர்மக்களும் மண் சுமந்தனர். 1985-இல் நிறைவெய்தியபோது நான்கு மீட்டர் அகலத்தில் சரளைக்கல் பரப்பிய வட்டப்பாதை ஒன்று ஊரைச் சுற்றி அமைந்திருந்தது. அதன் ஓரத்தில் 7000-க்கு மேற்பட்ட மரங்கள் நிழல் தருகின்றன. நினைவு, தோழமை ஆகிய இரண்டின் பெயரால் அது வழங்குகிறது. பேச்சுவழக்கில் ‘கம்பியோரத்துப் பாதை’ என்கின்றனர்.

இதில் நம்மைப் பெரிதும் கவர்ந்தது ஒன்றுண்டு. போர்த் துன்பத்தை நினைவுகூர நாடுகள் வெற்றித்தூண் எழுப்புகின்றன, அணையாவிளக்கு ஏற்றுகின்றன. அவற்றின் முன்னே ஆண்டுக்கொருமுறை மலர்வளையம் வைத்துத் திரும்பலாம். லியுப்லியானாவின் நினைவுச்சின்னமோ காலையில் ஓடுபவரும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து நடத்தும் தாயும், வேலைக்குச் சைக்கிளில் செல்பவரும் நாள்தோறும் பயன்படுத்தும் ஒரு பொருள். ஊரைக் கட்டிப்போட்ட கோட்டின் மேலேயே ஊர் நடமாடுகிறது. நகரின் எப்பகுதியில் குடியிருப்பவரும் சிறிது தூரத்தில் இந்தப் பசுமை வளையத்தை அடையலாம் என்பதும், பிரெஞ்சுக்காரர் ஆண்ட 1813-இல் ழான் பிளான்ஷார் என்னும் பொறியாளர் வகுத்த டிவோலிப் பூங்கா மலைக்காட்டோடு கலந்து நகர நடுவரை நீண்டிருப்பதும் பிற்காலத்தில் பசுமைத் தலைநகர் விருதுக்குப் பெரிதும் துணையாயின.

இவ்வளவும் சொன்னபின் மறுபுறத்தையும் சொல்லவேண்டும். அந்தப் பாதையில் மக்கள் நடக்கத் தொடங்கிய அதே ஆண்டுகளில்தான் நகரம் மோட்டாருக்கு அடிமையாகத் தொடங்கியது. 1955 முதல் செர்பியாவின் கிராகுயேவாட்ஸ் தொழிற்சாலையில் ‘சாஸ்தவா’ என்னும் சிறிய கார் செய்யப்பட்டது. சாதாரணத் தொழிலாளியும் வாங்கத் தக்க விலை. முன்னேற்றம் என்றால் கார், கார் என்றால் அகலமான சாலை என்று உலகெங்கும் எண்ணிய காலம் அது. 1958-இல் லியுப்லியானாவின் டிராம் நிறுத்தப்பட்டது, தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. அதற்குப் பதிலாக ஓடிய டிராலி பஸ்ஸும் 1971-இல் நின்றது. ஐம்பத்தேழு ஆண்டு ஓடிய டிராமின் மறைவுக்கு அன்று அழுதவர் அதிகம் பேர் இல்லை. பழைய, இரைச்சலான, மெதுவான வண்டி என்றே எண்ணினர். கல்கத்தாவில் மட்டும் எப்படியோ பிழைத்து நெடுங்காலம் ஓடிய டிராம், நம் சென்னையிலும் 1953-இல் மறைந்ததன்றோ. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களும் இவற்றினின்று வெகுதூரம் விலகியவையல்ல.

இதே காலத்தில் நகரில் ‘ரோக்’ என்னும் தொழிற்சாலை சைக்கிள்கள் செய்தது. அது செய்த ‘போனி’ என்ற சிறு சக்கரச் சைக்கிள் யூகோஸ்லாவியாவெங்கும் பிள்ளைகளின் கனவாயிருந்தது. பிற்காலத்தில் தொழில் நின்று கட்டடம் வெறுமையாயிற்று. 2006 முதல் கலைஞரும் புலம்பெயர்ந்தோரும் அதைத் தமதாக்கிக்கொண்டனர். 2021 ஜனவரியில் நகராட்சி அவர்களை வெளியேற்றியது பெரும் சச்சரவை விளைவித்தது. 2023-இல் அங்கே கைவினைக் கூடம் ஒன்று திறக்கப்பட்டது. பசுமை என்னும் பெயரால் நடக்கும் புதுப்பித்தலில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்னும் கேள்வி இந்த ஊரிலும் இல்லாமற் போகவில்லை.

கார்கள் எவ்வளவு தூரம் புகுந்தன என்பதற்குக் காங்கிரஸ் சதுக்கத்தைச் சான்றாகக் காட்டலாம். காங்கிரஸ் என்றதும் நம் நாட்டுக் கட்சியை நினைக்கவேண்டா. 1821-இல் ஆஸ்திரியச் சக்கரவர்த்தியும் ரஷ்ய ஜார் அலெக்சாண்டரும் மெட்டர்நிக்கும் இங்கே கூடி ஐரோப்பாவில் புரட்சியை அடக்கும் வழி பற்றி ஆலோசித்தனர். அந்த மாநாட்டையொட்டி அமைத்த சதுக்கம் அது. பேரரசர்கள் உலவிய இடம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கார் நிறுத்தும் கொட்டடியாகிவிட்டது. வீதிக்கு வீதி, ஆற்றங்கரையிலும் கூட, நிற்கும் கார்களே கண்ணுக்குத் தெரிந்தன. மும்மைப் பாலத்தின் மேல் வண்டிகள் ஓடின.

2006-இல் ஸோரான் யான்கோவிச் மேயரானார். கட்டடக் கலைப் பேராசிரியரான யானெஸ் கொஷெல் அவருடைய துணை மேயர். 2007-இல் நகரத்துக்கு 2025-ஆம் ஆண்டு வரைக்குமான ஒரு நோக்கத் திட்டம் வகுக்கப்பட்டது. அவ்வாண்டே பிரெஷேரன் சதுக்கமும் மும்மைப் பாலமும் மோட்டார்களுக்கு மூடப்பட்டன. பிளெச்னிக் வண்டிக்கென்று விட்டிருந்த நடுப்பாலமும் இவ்வாறு நடப்பவர் வசமாயிற்று. பிறகு படிப்படியாகப் பழைய நகர் முழுவதும் மூடப்பட்டது. இன்று பத்து ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் கார் கிடையாது. காங்கிரஸ் சதுக்கத்தின் அடியில் நிலவறை நிறுத்துமிடம் ஒன்று 2011-இல் திறக்கப்பட்டது. மேலே சதுக்கம் மீண்டும் சதுக்கமாயிற்று.

ஆற்றங்கரையில் பிளெச்னிக் எண்ணிக் கட்டாமல் விட்ட ஒரு பாலத்தின் இடத்திலும் 2010-இல் புதுப்பாலம் எழுந்தது. கசாப்புக்காரர் பாலம் என்பது அதன் பெயர். பெயரைக் கேட்டு முகம் சுளிப்பவர்க்கு ஒன்று: முற்காலத்தில் அங்கே இறைச்சிக் கடைகள் இருந்தன, அவ்வளவே. இப்போது அது காய்கறிச் சந்தைக்குச் செல்லும் நடைப்பாலம்.

கடைக்காரர் எதிர்த்தனர். வண்டி வராத தெருவில் யார் சாமான் வாங்க வருவார் என்பது அவர்கள் வாதம். பொருள்களை இறக்கும் லாரிகள் காலையில் குறித்த நேரத்துக்குள் வந்து போகலாம் என்று நகராட்சி விதி செய்தது. நடக்க இயலாத முதியவர் என் செய்வார்? அதற்கு ‘கவாலிர்’ என்ற சிறு மின்வண்டிகள் விடப்பட்டன. மிகமெதுவாக ஊர்ந்து செல்லும் இவற்றைக் கைகாட்டி நிறுத்தலாம், தொலைபேசியில் அழைக்கலாம், கட்டணம் கிடையாது. ஒரு தெருவை மூடுவது காவலர் இருவரால் ஆகக்கூடியது. மூடியபின் மூதாட்டி ஒருத்தி மருந்துக்கடைக்கு எப்படிப் போவாள் என்று முன்கூட்டியே எண்ணுவதுதான் ஆட்சி. இந்த ஒரு செய்கைக்காகவே அந்த நகராட்சியைப் பாராட்டத் தோன்றுகிறது.

2011-இல் பொதுச் சைக்கிள் முறை வந்தது. ஒரு நிலையத்தில் எடுத்து வேறு நிலையத்தில் விடலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் காசு இல்லை. சிறிய ஊராதலின் ஒரு மணிக்குள் எங்கும் போய்விடலாம். ஆகவே பெரும்பாலான சவாரிகள் இலவசமாகவே அமைந்தன.

மிகக் கடினமான அடி 2013-இல் எடுத்துவைக்கப்பட்டது. நகரின் முதுகெலும்பு போன்ற வடக்கு–தெற்குப் பெருவீதி, யூகோஸ்லாவியக் காலத்தில் டிட்டோவின் பெயர் தாங்கியது, விடுதலைக்குப் பின் ஸ்லோவேனிய வீதியாயிற்று. ஊரின் வண்டிகளெல்லாம் அதன் வழியேதான் சென்றன. அந்த ஆண்டு செப்டம்பரில் அதன் நடுப்பகுதி கார்களுக்கு மூடப்பட்டது. பஸ், சைக்கிள், நடப்பவர் ஆகிய மூவருக்கு மட்டும் விடப்பட்டது. 2015-இல் நடைமேடைக்கும் வண்டித் தடத்துக்கும் பெரிய உயர வேறுபாடு இல்லாமல் தளம் புதிதாய்ப் போடப்பட்டு மரங்கள் நடப்பட்டன. மூடிய பின் அவ்வீதிக் காற்றில் கரித்துகளின் அளவு பாதிக்கும் கீழே இறங்கியதாக அளவீடுகள் காட்டின. அடைத்த தெருவின் வண்டிகளெல்லாம் அடுத்த தெருவில் சென்று நெருக்கும் என்று அஞ்சியவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு நெருக்கடி அங்கே உண்டாகவில்லை. வழி குறைந்தால் வண்டியும் ஓரளவு குறையும் என்பது பொறியாளர் பலர் பிற நகரங்களிலும் கண்ட செய்தி.

பசுமை விருதுக்குப் போக்குவரத்து மட்டும் காரணமன்று. குப்பையை வீட்டிலேயே பிரித்து வாங்கும் முறையால் எரிப்பதற்கும் புதைப்பதற்கும் செல்லும் அளவு பெரிதும் குறைந்தது. குப்பையற்ற நகரம் என்னும் இலக்கை ஏற்ற முதல் ஐரோப்பிய ஒன்றியத் தலைநகர் இதுவே. குடிநீரை எடுத்துக்கொண்டாலோ, நகரைச் சுற்றியுள்ள சமவெளியின் நிலத்தடி நீர், பெரும் சுத்திகரிப்பு வேலை எதுவும் இன்றியே குழாயில் வருகிறது. மேலே ஓடும் வண்டியின் எண்ணெயும், வயலில் கொட்டும் உரமும் கீழே இருக்கும் குடிநீரைத் தீண்டும் என்பது அவ்வூராருக்குப் பாடபுத்தகச் செய்தியன்று, அன்றாடக் கவலை.

ஆனால் வேலை முடிந்துவிட்டதா? நகர நடுவில் நின்று பார்ப்பவருக்கு முடிந்துவிட்டதாகவே தோன்றும். முள்வேலித் தடத்தைத் தாண்டி, நெடுஞ்சாலை வளையத்தின் அருகே சென்று பார்த்தால் வேறொரு காட்சி. நாட்டின் அலுவலகங்கள் பெரும்பாலும் தலைநகரில். வேலை செய்வோரில் மிகப் பலர் சிற்றூர்களில். நாள்தோறும் லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியிலிருந்து நகருக்குள் வந்து திரும்புகின்றனர். அவர்களில் பெரும்பாலோர் காரில் வருகின்றனர். நகர எல்லையில் காரை விட்டுவிட்டு பஸ் ஏறும்படி நிறுத்துமிடங்கள் அமைத்திருக்கின்றனர். பயன் உண்டு, போதவில்லை. பழைய ஊர் அழகாய்விட்டதனால் அங்கே வாடகையும் ஏறி, வீடுகள் பல பயணிகள் தங்கும் விடுதிகளாக மாறின. குடியிருந்தவர் சிலர் புறநகருக்குச் சென்று, அங்கிருந்து காரில் வரத் தொடங்கியதும் உண்டு.

நகராட்சி தன் எல்லைக்குள் தெருவை மூடலாம்; எல்லைக்கு வெளியே சிற்றூர்க்காரன் காலை ஏழு மணிக்கு எதில் ஏறுவான் என்பதை நகராட்சி தனித்து முடிவு செய்ய இயலாது. அதற்கு ரயில் வேண்டும். வியன்னாவிலிருந்து ரயில் பாதை 1849-இலேயே லியுப்லியானாவை அடைந்தது. 1857-இல் டிரியெஸ்ட் துறைமுகம் வரை நீண்டது. ஆஸ்திரியர் காலத்து அந்த வழித்தடங்களையே சீர்செய்து, அடிக்கடி வண்டி விடவேண்டும் என்று வல்லுநர் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றனர். 1958-இல் பெயர்த்தெடுத்த டிராமை மீண்டும் கொண்டுவரவேண்டும் என்ற யோசனையும் அவ்வப்போது எழுகிறது; செலவுக் கணக்கைப் பார்த்ததும் அடங்குகிறது; சில ஆண்டு கழித்து மறுபடியும் எழுகிறது.